கூடம் கோணல்

ஆடத் தெரியாதவள்தான்
கூடம் கோணல் என்பாள் என்று
படிவத்தை நீட்டும்போதே சிரித்தார் இயக்குநர்.
பிஷ்கெக்கிலிருந்து ஏழு மணி நேரம்
அந்தச் சிரிப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

நாரினையும் தாண்டி அத்-பாஷி.
மைனஸ் இருபத்தாறு.
ஒரே கட்டடத்தில் மூன்று ஷிப்ட்.
மூன்றாவது ஷிப்டின் ஒன்பதாம் வகுப்பு
மதியம் மூன்றரைக்கு.
ஐம்பத்திரண்டு பேர், முப்பது நாற்காலி.
மீதிப் பேர் ஜன்னல் விளிம்பில்,
ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக,
குல்லாயைக் கழற்றாமல்.

சாய்ராகுல், இயற்பியல்.
புவியியல்காரர் மாஸ்கோவுக்குத் தட்டு கழுவப் போனதிலிருந்து
புவியியலும்.
ரஷ்ய மொழிக்காரி பிரசவத்துக்குப் போய்த் திரும்பாததால்
அதுவும்.

படிவத்தின் முதல் கேள்வி:
குறித்த நேரத்தில் பாடம் தொடங்கியதா?
நான்கு நிமிடம் தாமதம் என்று எழுதினேன்.
அந்த நான்கு நிமிடமும் அவர்
அடுப்பின் முன் மண்டியிட்டு ஊதிக்கொண்டிருந்தார்.
ஈர நிலக்கரி. கண்ணெல்லாம் புகை.
அதற்குக் கட்டம் இல்லை.

எழுதினேன் என்றா சொன்னேன்?
எழுதப் பார்த்தேன். பேனா உறைந்திருந்தது.
"இப்படிக் கொடுங்கள்" என்று வாங்கி
அடுப்பு மூடியின் மேல் இரண்டு தரம் உருட்டி
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துத் தந்தார்.
அவர் விரலின் கரி என் பேனாவில்.

பாடம், சாய்தளம்.
வண்டி இல்லை, தராசு இல்லை,
ஆய்வுக்கூடம் என்று பெயர்ப்பலகை உள்ள அறையில்
நிலக்கரி மூட்டை.
கைவிளக்கைத் திறந்து
பேட்டரியை எடுத்துக் கதவோரம் தரையில் வைத்தார்.
யாரும் தொடாமல் அது உருண்டது.
போன நிலநடுக்கத்திலிருந்து
தரை ஜன்னல் பக்கம் இறங்கியிருக்கிறதாம்.
ஐம்பத்திரண்டு தலைகளும் அதன் பின்னால் போயின.
எர்மெக் நொடி எண்ணினான்.
கன்ஷாயிம் நூலில் வீட்டுச் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு
கோணமானி வைத்துப் பார்த்து
"மூன்று டிகிரி, டீச்சர்."

மூன்று டிகிரி.
கூடம் கோணல்தான்.

நான்கு ஐம்பதுக்கு மின்சாரம் போனது.
ஒருவரும் கூச்சலிடவில்லை, பழக்கம்.
பலகை இருக்கும் திசையிலிருந்து
அவர் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது,
சாக்பீஸ் சத்தமும்.
விளக்கு திரும்பியபோது
சைன் இருக்க வேண்டிய இடத்தில் கொசைன்.
எர்மெக் கை தூக்கினான்.
அவர் பலகையைப் பார்த்தார்,
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்,
நின்றபடி தூங்கும் குதிரை மாதிரி.
பிறகு சட்டைக் கையால் அழித்தார்.

இரவு பத்திலிருந்து நான்கு மணிவரை
பெட்ரோல் பங்கில் நிற்கிறார் என்று
வாசலில் காவலாள் சொன்னான்.
வாசலில் சொன்னதைப்
படிவம் கேட்பதில்லை.

பொருட்பிழை: ஒன்று.
கற்பித்தல் கருவிகள்: இல்லை.
உருண்ட பேட்டரியை எதில் சேர்ப்பது என்று
யோசித்தேன். யோசித்ததோடு சரி.
முகமலர்ச்சி: ஐந்துக்கு இரண்டு.
பாடம் முழுவதும் என் பேனா
ஒருமுறைகூட உறையாமல் எழுதியது.

கையெழுத்துப் போடும்போது அவர் படிக்கவில்லை.
"கடைசி வண்டி போய்விடும்" என்றார்.
என் வண்டியைச் சொன்னார்.

திங்கட்கிழமை
இயக்குநரின் மேசையில் படிவத்தை வைத்தேன்.
"ம், கூடம் எப்படி?" என்றார், அதே சிரிப்பு.
பதில் சொல்லாமல்
பேனாவை மேசையின் நடுவில் கிடத்தினேன்.
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அது உருளவில்லை.
அவ்வளவு சமமான மேசை.